70 எழுத்துக்குள் ஒரு மாத்திரை

அப்பாவுக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது, கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. தென்காசிப் பக்கத்து ரைஸ் மில் ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு ஓய்வுபெற்ற அவர், காய்ச்சலுக்குக்கூட ஊசி போட்டுக்கொண்டதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று காலை வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த செவிலியர், சற்று நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்துவிட்டு, 178/104 இருக்கிறது, இதைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் கண்ணில் கை வைக்க முடியும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஊரிலிருந்து ஒரே வேனில் போன ஏழு பேரில் ஆறு பேர் கறுப்புக் கண்ணாடியோடு மறுநாள் வந்து இறங்க, அப்பா மட்டும் அன்று மாலையே தனியாகப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வருத்தத்தில், எழுதிக் கொடுத்த ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையை ஐந்து வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டு, அழுத்தத்தைக் குறைத்து, கண்ணையும் சரிசெய்துகொண்டார்.

அதற்கடுத்த பொங்கலுக்கு நான் கோயம்புத்தூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, அரிசி முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்த எவர்சில்வர் டப்பாவில் மாத்திரை அட்டைகள் இருந்தன. அரசு மருத்துவமனையில் இரண்டு மாதத்துக்கென்று கொடுத்தவை. ஆறு அட்டைகளில் நான்கு உடைக்கப்படாமல் அப்படியே இருந்தன, ஐந்தாவதில் மூன்று குழிகள் மட்டும் காலியாக இருந்தன. கேட்டதற்கு அப்பா கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: “அது கண்ணு ஆபரேஷனுக்குக் குடுத்த மாத்திரைதானம்மா? கண்ணுதான் இப்ப நல்லாத் தெரியுதே.”

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவர் அனுபவத்துக்கு அது முற்றிலும் பொருந்துகிற முடிவு. பல்வலிக்கு மாத்திரை போட்டால் வலி நிற்கிறது. நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறோம். ரத்த அழுத்தமோ வலிப்பதில்லை, மாத்திரை போட்டதால் எதுவும் நன்றாகிவிட்டதாக உடம்பு சொல்வதுமில்லை. போடாமல் விட்ட நாளும் போட்ட நாளும் ஒன்றுபோலவே கழிகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி 30 முதல் 79 வயதுவரை உள்ளவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அப்பா தெரிந்தவர்கள் பட்டியலிலிருந்து கட்டுக்குள் இருப்பவர்கள் பட்டியலுக்குப் போய்விட்டு, ஓசையில்லாமல் திரும்பி வந்துவிட்டார்.

நான் இருப்பதோ ஆறேழு மணி நேரப் பயணத் தொலைவில். தினமும் அழைத்து மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால், போட்டேன் என்ற பதில்தான் வரும், அதன் பிறகு இருவருக்கும் பேச்சு கசந்துவிடும். அவரிடம் இருப்பது பொத்தான் கைபேசி, வாட்ஸ்அப் கிடையாது. அப்போதுதான், வெறும் குறுஞ்செய்தியை வைத்து இந்த வேலையை யாராவது முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்கவைத்தது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நடந்த ஆய்வு.

ஆக்ஸ்ஃபோர்டு, கேப் டவுன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தி, 2016இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியிட்ட அந்த ஆய்வில், அரசு ஆரம்பச் சுகாதார நிலையம் ஒன்றில் உயர் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 1,372 பேர் 2012இல் சேர்க்கப்பட்டார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டாவது குழுவுக்கு வாரந்தோறும் ஒரு செய்தி: மருந்தை வாங்கவும் ஒழுங்காகப் போடவும் ஊக்கம் தருவது, நோயைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது, மருந்து தயாராக இருக்கிறது என்றோ மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்குகிறது என்றோ நினைவூட்டுவது. மூன்றாவது குழுவுக்கும் அதே செய்திகள்தாம். ஆனால் அவர்களால் பதில் கொடுக்கவும் முடியும். செய்தி அவரவர் பெயரைச் சொல்லி, அவரவர் தேர்ந்தெடுத்த நேரத்தில், ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஹோசா ஆகிய மூன்றில் அவர்கள் விரும்பிய மொழியில் போனது. ஓர் ஆண்டு கழித்து அழுத்தம் அளக்கப்பட்டது. அளந்தவர்களுக்கு யார் எந்தக் குழு என்பது தெரியாது.

மருந்து வாங்கியதில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆண்டின் 80 விழுக்காடு நாட்களுக்காவது கையில் மருந்து இருக்கும்படி வாங்கிச் சென்றவர்கள், செய்தி பெறாத குழுவில் 49.4 விழுக்காடு, செய்தி மட்டும் பெற்ற குழுவில் 62.8, பதில் அனுப்பக்கூடிய குழுவில் 59.7. வாரம் ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் செலவையும் இந்த உயர்வையும் சேர்த்துப் பார்த்தால், எந்தச் சுகாதாரத் துறையும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும். ஆனால் பட்டையைச் சுற்றி அளந்தபோது கிடைத்த எண் அவ்வளவு பெரிதாக இல்லை. வழக்கமான சிகிச்சைக் குழுவோடு ஒப்பிட, செய்தி மட்டும் பெற்ற குழுவில் மேல் எண் (178/104 என்பதில் 178) சராசரியாக 2.2 மி.மீ. (பாதரசக் கணக்கில்) குறைந்திருந்தது, அதுவும் தற்செயலாக வந்ததாக இருக்கலாம் என்ற ஐயத்தை மயிரிழையில் தாண்டிய அளவில். பதில் அனுப்பக்கூடிய குழுவில் 1.6 மி.மீ. குறைவு, அது அந்த மயிரிழையைத் தாண்டவில்லை. ஆனாலும் கட்டுக்குள் என்பதற்கு எல்லையான 140/90க்குக் கீழே வந்து சேர்ந்தவர்களின் பங்கு இரண்டு செய்திக் குழுக்களிலும் கூடியிருந்தது.

2 மி.மீ. என்றால் என்ன? அப்பா காலையில் அளந்துவிட்டு ஒரு டம்ளர் காப்பி குடித்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தால் அதைவிட அதிக வித்தியாசம் வரும். கையைத் தொங்கவிட்டு அளந்தாலே எண் ஏறிவிடும். தனியொருவருக்கு இது ஒன்றுமேயில்லை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 61 ஆய்வுகளைச் சேர்ந்த சுமார் 10 லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது: மேல் எண் வழக்கமாக 2 மி.மீ. குறைவாக இருக்கும் நடுத்தர வயதினரிடையே, பக்கவாதத்தால் இறப்பது சுமார் 10 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறப்பது சுமார் 7 விழுக்காடும் குறைவாக இருக்கின்றன. ஊர் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் பெரியது, ஒரு வீட்டுக்குள் பார்த்தால் கண்ணுக்கே தெரியாதது என்கிற இந்த இரட்டைத் தன்மையை நான் புரிந்துகொள்ள நாளாயிற்று. சுகாதாரத் துறைக்கு அந்த 2 மி.மீ. போதும்; எனக்குப் போதாது, ஏனென்றால் என்னிடம் இருப்பது ஒரே ஓர் அப்பா.

கேப் டவுன் ஆய்வில் பதில் அனுப்பிய விதம் சுவையானது. தென்னாப்பிரிக்காவில் கைபேசியில் காசு இல்லாதவர்கள், ‘தயவுசெய்து என்னை அழைக்கவும்’ என்ற செய்தியை இலவசமாக அனுப்பும் வசதி 2001 முதல் உண்டு. நம் ஊரில் மிஸ்டு கால் கொடுப்பது என்று எதைச் சொல்கிறோமோ, அதையே நிறுவனங்கள் ஒரு சேவையாக்கிக் கொடுத்தன. (வெகு தூரத்தில் இருந்த காதலியால் தன்னை அழைக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் இந்த யோசனை தோன்றியதாகச் சொன்ன ந்கோசானா மகாட்டே என்ற இளம் ஊழியர், தான் வேலை பார்த்த வோடாகாம் கைபேசி நிறுவனத்தோடு இழப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் வழக்காடினார் என்பதும், 2016இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது என்பதும் தனிக்கதை.) ஆய்வில் சேர்ந்தவர்கள் அந்த இலவசச் செய்தியை அனுப்பினால், இயந்திரம் சில தெரிவுகளைத் திருப்பி அனுப்பும்: மருத்துவரைப் பார்க்கும் நாளை மாற்றலாம், ரத்து செய்யலாம், செய்தி வரும் நேரத்தையோ மொழியையோ மாற்றிக்கொள்ளலாம். காசில்லாதவரும் பதில் சொல்ல வழி செய்த அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். இருந்தும் வெறும் செய்தியைவிட அது கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. ஏன் என்பதற்கு எனக்கு ஒரு யூகம் உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் முதலில் செய்த தவறு தினமும் அனுப்பியது. இரவு எட்டு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், ‘அப்பா, மாத்திரை’ என்று இரண்டே சொல். முதல் வாரம் அம்மா சொல்லி அவர் பார்த்தார். மூன்றாவது வாரம் ஊருக்குப் போனபோது அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். கடன் வேண்டுமா என்று கேட்கும் செய்திகளுக்கும் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று மிரட்டும் செய்திகளுக்கும் நடுவே என்னுடைய செய்திகள் திறக்கப்படாமலே கிடந்தன. பால்காரர் மணி அடிப்பதுபோல அது அவருக்குப் பழகிப்போன சத்தமாகிவிட்டது.

கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு இதையே முன்பே கண்டுபிடித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 431 பேரிடம் 48 வாரங்கள் நடந்து 2011இல் வெளியான அந்த ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை செய்தி பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர் மருந்தை மிக ஒழுங்காக எடுத்தார்கள். செய்தி பெறாதவர்களில் 40 விழுக்காட்டினர். தினமும் செய்தி பெற்றவர்களோ செய்தி பெறாதவர்களைவிட மேலாக எதையும் செய்துவிடவில்லை. செய்தியைக் குட்டையாக வைக்காமல் நீட்டி ஊக்கமொழிகளைச் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள், அதனாலும் பலனில்லை. வாரம் ஒருமுறை வரும் மாமாவுக்குக் கிடைக்கும் கவனம் கூடவே இருக்கும் சித்தப்பாவுக்குக் கிடைப்பதில்லை அல்லவா, அதுபோல.

எனவே வாரத்துக்கு ஒன்று என்று மாற்றினேன், அதையும் வியாழக்கிழமைக்கு வைத்தேன், ஏனென்றால் அப்பா போகும் மருத்துவமனையில் பிபி, சர்க்கரைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவு. வாரத்துக்கு ஒன்றுதான் என்றானதும் ஒவ்வொன்றையும் யோசித்து எழுத வேண்டியதாயிற்று, அங்கேதான் தமிழில் குறுஞ்செய்தி எழுதுவது எவ்வளவு நெருக்கடியான கலை என்று கண்டுகொண்டேன். ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. ஹோசா மொழிக்காரர்களும் ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் கேப் டவுனில் அந்த வசதி இருந்தது. தமிழில் எழுதிய உடனே அது 70 ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த 70இலும் நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது இயந்திரத்துக்கு ஓர் எழுத்தல்ல: ‘மாத்திரை’ என்பது நமக்கு நான்கு எழுத்து, மெய், துணைக்கால், புள்ளி, கொம்பு என்று ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும் கைபேசிக்கு எட்டு. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். அப்பாவின் பழைய கைபேசியில் அது இரண்டு துண்டாக, சில வேளை பின்பாதி முதலில் வந்து நிற்கும்.

ஆகவே நான் எழுதியது இப்படி இருக்கும்: ‘அப்பா, மாத்திரை தீர நாலு நாள் இருக்கு. வியாழன் போய் வாங்கிருங்க.’ இடைவெளியும் புள்ளியும் சேர்த்து எண்ணினால் 64. (கூட்டம் குறைவான நாள் வெள்ளி என்று தெரிந்திருந்தும் முதல் செய்தியிலேயே வியாழன் என்று தப்பாக எழுதிவிட்டேன் என்பதைப் பின்னர் அப்பாவே திருத்தினார், 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அல்லவா.) ‘மறக்காதீங்க’ என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவரை மறதிக்காரர் என்று சொல்லும் எந்தச் சொல்லும் அவரிடம் எடுபடாது. மாத்திரை தீரும் நாளை நான் கணக்கு வைத்திருக்கிறேன் என்பதுதான் அவருக்குப் பிடித்தது. கணக்கு என்றால் அவர் மதிப்பார். கேப் டவுனில் செய்தி பெற்றவர்களிடம் பிறகு உட்கார்ந்து பேசி எழுதிய துணை ஆய்வு ஒன்றிலும் இந்தச் சாயல் தெரிகிறது: நினைவூட்டலாகப் பயன்பட்டது என்பதோடு, யாரோ தங்கள்மேல் அக்கறை வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வை அந்தச் செய்திகள் கொடுத்தன என்றும், சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நெடுநேரம் காத்திருந்து ஒரு நிமிடத்தில் பேசி அனுப்பப்படுகிற சுகாதார நிலையத்துக்குப் பழகியவர்களுக்குப் பெயர் சொல்லி வரும் ஒரு வரி பெரிதாகத்தான் இருந்திருக்கும்.

அப்பா மாத்திரை போடத் தொடங்கினார். டப்பாவில் அட்டைகள் காலியாயின, அம்மாவும் சாட்சி. ஆனால் எண் இறங்கவில்லை. மருத்துவமனையில் கொடுத்த சின்ன நோட்டில் மாதாமாதம் எழுதியிருந்ததைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்து அனுப்பினான். 156/94, 152/90, 158/92, 154/92. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதே ஆம்லோடிபின் 5, அதே 30 மாத்திரை. நான்கு மாதமும் சாப்பிட்டும் 150க்குக் கீழே வராத ஒருவருக்கு நான்கு மாதமும் அதையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த அறைக்கு வெளியே எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் செய்தியால் எட்ட முடியாத இடம் இது என்பது அப்போதுதான் உறைத்தது. செய்தி நோயாளியின் சட்டைப் பைக்குப் போகிறது. மருந்தின் அளவு மருத்துவரின் மேசையில் முடிவாகிறது.

இதைத் தெரிந்துகொண்டு கேப் டவுன் எண்களை மறுபடி படித்தபோது அவை வேறு மாதிரிப் புரிந்தன. மருந்து வாங்குவோர் 13 விழுக்காட்டுப் புள்ளி கூடியும் அழுத்தம் 2 மி.மீ. மட்டுமே குறைந்ததற்குக் கணிசமான பேருக்குத் தொடக்கத்திலேயே அழுத்தம் 140க்குக் கீழ் இருந்தது ஒரு காரணம். அவர்களிடம் குறைக்க அதிகம் இல்லை. மற்றவர்களைப் பொறுத்தவரை, போதாத மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது போதாத மருந்தைச் சாப்பிடுவதுதான் என்பது என் வாசிப்பு. இந்தியாவில் ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாயச் சுகாதார நிலையங்களில் நடந்து 2019இல் வெளியான எம்-வெல்கேர் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. செவிலியர் கையில் டேப்லெட், எந்த மருந்து கொடுக்கலாம் என்று மருத்துவருக்கு ஆலோசனை சொல்லும் செயலி, நோயாளிக்குக் குறுஞ்செய்தி என்று எல்லாமே இருந்தும், அந்த நிலையங்களுக்கும் பயிற்சியும் சுவரில் ஒட்டிய சிகிச்சை அட்டவணையும் மட்டும் பெற்ற நிலையங்களுக்கும் இடையே ஓராண்டு முடிவில் வேறுபாடு இல்லை. இரண்டு பக்கமும் அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது. கருவி வராத இடத்திலும் பயிற்சியும் அட்டவணையும் வேலை செய்தன என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

மறுபுறம், சிட்னியில் ஒரு மருத்துவமனையில் இதயத் தமனி நோயாளிகள் 710 பேரிடம் நடந்து 2015இல் வெளியான டெக்ஸ்ட் மீ ஆய்வில், வாரம் நான்கு செய்திகள் ஆறு மாதம் போனபின் மேல் எண் 7.6 மி.மீ. குறைவாக இருந்தது. எண்ணைப் பார்த்ததும் குதூகலித்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு அதே வழியில் 1,424 பேரிடம் பல மருத்துவமனைகளில் செய்து பார்த்து 2022இல் வெளியான அடுத்த ஆய்வில், மருந்து ஒழுங்காக எடுப்பதில் வேறுபாடே காணப்படவில்லை. ஒரே இடத்தில் ஆர்வத்தோடு செய்தது பல இடங்களுக்குப் பரவும்போது நீர்த்துப்போவதை நம் ஊர்த் திட்டங்களில் பார்க்காதவர்கள் யார்?

அப்பாவின் நோட்டை எடுத்துக்கொண்டு நானே ஒரு வெள்ளிக்கிழமை உடன் போனேன். நான்கு எண்களையும் வரிசையாகப் பார்த்த மருத்துவர், இதை முன்பே கூட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி, ஆம்லோடிபினை 10 ஆக்கினார். அடுத்த மாதம் 146 வந்தது. எனக்குத் திருப்தி. வியாழக்கிழமைச் செய்திகள் வழக்கம்போலப் போயின. மாத்திரை தீரும் நாள், வாங்கும் நாள், இடையிடையே ஊறுகாயைப் பற்றி ஒரு வரி. அதற்கடுத்த மாதம் 166.

அட்டைகள் காலியாகிக்கொண்டிருந்தன, மருந்தைத் தவறாமல் வாங்கியிருந்தார். கேப் டவுன் முறையில் அளந்தால் அப்பாவுக்கு நூற்றுக்கு நூறு. என்ன நடக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த வியாழன் மாத்திரையைப் பற்றி எதுவும் எழுதாமல், எழுதத் தோன்றாமல், ‘அப்பா, உடம்பு எப்படி இருக்கு?’ என்று மட்டும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. குறுஞ்செய்தி தொடங்கி ஒன்பது மாதத்தில் அப்பாவாக என்னை அழைத்தது அதுதான் முதல்முறை. “காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும்மா. செருப்புப் போட முடியல. அந்தப் பெரிய மாத்திரையாலதான்னு நானே பாதியா ஒடச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன்.” மீதியை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அட்டையிலிருந்து உடைத்து எடுத்துக் குத்துவிளக்குப் பக்கத்துக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருந்தாராம், அம்மா எண்ணிப் பார்ப்பாளே என்று.

கணுக்கால் வீக்கம் ஆம்லோடிபினின் அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடக் கூட அதுவும் கூடும். அவர் சந்தேகப்பட்டது சரிதான், செய்ததுதான் தவறு. ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது அழுத்தத்தை ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாகக் குறைக்கும் என்று, 42 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஒரு கணக்கு உண்டு. மறு வெள்ளிக்கிழமை மருத்துவர் அதையேதான் செய்தார்: ஆம்லோடிபினைப் பழையபடி 5க்கு இறக்கிவிட்டு, டெல்மிசார்ட்டன் 40 சேர்த்தார். வீக்கம் பத்து நாளில் வடிந்தது.

கேப் டவுனில் பதில் அனுப்பும் வசதி ஏன் கூடுதல் பலன் தரவில்லை என்பதற்கு என் யூகம் இந்த இடத்திலிருந்து வருகிறது. அங்கே நோயாளி பதில் அனுப்பினால் நாளை மாற்றலாம், மொழியை மாற்றலாம். கால் வீங்கிக் கிடக்கிறது என்று சொல்ல அந்தத் தெரிவுகளில் இடம் இல்லை. கென்யாவில் 538 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்து 2010இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இன்னொரு ஆய்வில் மருந்து என்ற சொல்லே செய்தியில் கிடையாது. வாரம் ஒருமுறை செவிலியரிடமிருந்து ‘மாம்போ?’ என்று ஸ்வாஹிலியில் ஒரே சொல் போகும். என்ன விசேஷம், எப்படி இருக்கிறீர்கள் என்று பொருள். 48 மணி நேரத்துக்குள் ‘சாவா’ என்றால் நலம், ‘ஷிடா’ என்றால் சிக்கல். சிக்கல் என்று வந்தாலோ பதிலே வராவிட்டாலோ செவிலியர் அழைத்துப் பேசுவார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் அங்கே 50 விழுக்காட்டிலிருந்து 62 ஆனார்கள், ரத்தத்தில் கிருமி அடங்கியவர்களும் கூடினார்கள். நோய் வேறு, மருந்து வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேள்விக்குப் பின்னால் கேட்க ஓர் ஆள் இருந்தார் என்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பெண் பணியாளர், வாசலில் நின்று ‘எப்படிப்பா இருக்கீங்க’ என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தையும் மருந்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் இரண்டு விதமாக அனுப்புகிறேன். மாதத்தில் மூன்று வியாழன் கேள்வி மட்டும். நான்காவது வியாழன் மாத்திரைக் கணக்கு. போன மாத நோட்டில் 134/82 என்று இருந்தது. டெல்மிசார்ட்டன் போடுகிறவர்களுக்குச் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் இடையில் ஒருமுறை ரத்தத்தில் பார்ப்பது வழக்கம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதற்கு அப்பாவைச் சம்மதிக்கவைக்க வேண்டும். ஊசியே போட்டுக்கொள்ளாதவரிடம் ரத்தம் கொடுங்கள் என்று 70 இடத்துக்குள் எப்படி எழுதுவது என்று நேற்றிலிருந்து எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று 83 வந்தது, இன்னொன்று 76. நாளை வியாழன்.